சோடி பிரிந்த பிளேட்: வெரிபீயிலிருந்து லிட்கமுக்கு

பேசாமல் இருந்தது போதும். சென்ற செப்டெம்பரில் மெல்பேர்ணுக்குப் பக்கத்து வெரிபீயிலிருந்து சிட்னிக்குப் போய்வந்த பயணத்தைப் பற்றி எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பயணத்தில் நான் கையால் தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்று சொன்ன ஒரு பொருளை வேறு ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் தமிழர் என்பது மட்டும் தெரியும். பெயர் தெரியாது. அதைத் தலைக்கு மேல் பூட்டிக்கொண்டு பறந்தால் அவர் உயிரோடு இறங்குவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணில் படுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் பழைய ஜைரோ பிளேட் வாங்கப் போக நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று வழி, செலவு எல்லாம் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜைரோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பார்வைக்குச் சின்ன ஹெலிகொப்டர் மாதிரி இருக்கும். ஆனால் மேலே சுற்றுகிற பிளேட்டை எஞ்சின் சுழற்றுவதில்லை. எஞ்சின் பின்னால் இருந்து தள்ள மட்டும் செய்யும். பிளேட்டைச் சுழற்றுவது காற்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினொரு அடி நீளமுள்ள இரண்டு அலுமினிய பிளேட்டுகள், நடுவில் ஒரு கட்டை, சில போல்ட்டுகள். அவ்வளவுதான் உங்களை மேலே வைத்திருக்கிறது. நிறுத்தி வைக்கும்போது பிளேட்டைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டாமல் விட்டால் ஆளில்லாத ஜைரோவில் அது தானாகச் சுற்றத் தொடங்கும். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

ஓகஸ்ட் கடைசியில் என் பிளேட் ஒன்றின் நுனி கொட்டகைக் கதவில் இடித்து வளைந்துவிட்டது. புதுச் சோடி கிடைக்க மாதக்கணக்காகும். விலையும் எனக்கு எட்டாது. இருபது வருடங்களாக ஒரே கதிரையில் உட்கார வைத்து, பின்னால் வந்தவர்களை எனக்கு மேலே ஏற்றிவிடுகிற இடத்தில் வேலை செய்கிறவனின் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பழையது தேடினேன். ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு சோடி, குறைந்த பறப்பு நேரம், வெள்ளை பெயின்ற், சிட்னியில் லிட்கமுக்குப் பக்கத்தில். பெயர் இல்லை, ஒரு கைபேசி எண் மட்டும். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி பதில் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தது.

இவ்வளவு நீளமான பொருளைக் கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள். வளைந்து வரும், வளைந்ததை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நேரே போய், கண்ணால் பார்த்து, சொந்த வண்டியில் கட்டிக்கொண்டு வருவதுதான் சரி. என் யூட்டின், அதாவது என் சின்னப் பிக்கப் வண்டியின், கூரையில் நீளமான இரண்டு தாங்கிக் குழாய்களைப் பூட்டி, அவற்றின் மேல் பழைய மெத்தைப் பஞ்சு சுற்றினேன். வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு வெரிபீயை விட்டேன். அந்த நேரத்தில் கிளம்பினால்தான் மேற்குப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்களின் நெரிசலுக்கு முன்னால் நகரைத் தாண்டலாம். லிட்கம் வரை ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீற்றர். வங்கரட்டாவில் ஒரு கோப்பி, கண்டகாயில் மதியச் சாப்பாடு, ஓய்வெல்லாம் சேர்த்துப் பதினொரு மணித்தியாலம் பிடித்தது. ஹோல்புரூக்கில் கடலே இல்லாத ஊரின் நடுவில் புல்லுக்குள் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். எனக்கு அது கரையொதுங்கிச் செத்த மிருகம் மாதிரித்தான் எப்போதும் தெரிகிறது.

லிட்கமில் ஒரு மோட்டலில் தங்கினேன். நூற்று அறுபத்தைந்து டொலர். சுத்தமாக இருந்தது, சுவர்தான் மெல்லியது. காலையில் அங்குள்ள பெரிய சுடலையின் மதில் ஓரமாகவே போய், அது முடிகிற இடத்தில் திரும்பினால் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அந்த மதில் நடந்தாலும் முடியாது, வண்டியில் போனாலும் இலேசில் முடியாது. கடைசிப் பட்டறையின் இரும்புக் கதவு சுருண்டு மேலே போனது. காற்று உள்ளே புகுந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. வெறும் போத்தல் வாயில் மெல்ல ஊதினால் வருமே, அந்தச் சத்தம்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அதன் சொந்தக்காரனை எரித்தாயிற்று.

யாருடையது என்று சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒரு காலத்தில் மெல்பேர்ணுக்கு மேற்கே ஒரு சின்ன ஓடுபாதையில் நாங்கள் மூன்று தமிழர்கள் ஒரே கொட்டகையில் ஜைரோ வைத்திருந்தோம். நான், தவம், ராசன். தவத்துக்கு எதையும் சும்மா வைத்திருக்க முடியாது. நிறை சமப்படுத்துவதற்கு ஈயம் வைக்க என்று தன் இரண்டு பிளேட்டுகளின் நுனியிலும் துளை போட்டான். துளைகள் ஒரே அளவில் அமையவில்லை. அதற்குப் பிறகு அவன் பறந்தால் இரண்டு சுருதியில் விசில் கேட்கும். ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. கிழக்கே இரண்டு பண்ணை தள்ளி நிற்கிறவனும் தவம் மேலே நிற்கிறான் என்று சொல்லிவிடுவான்.

ஒரு நவராத்திரிக் கடைசி நாளில் அவன் மனைவியோடு கொட்டகைக்கு வந்து ஜைரோவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து அரைக்கிற பழைய முறைக் குங்குமம். பிளேட்டுகளின் அடியில், போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில், பிளேட்டுக்கு ஒன்றாக வட்டமாக வைத்தான். சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும். பள்ளிக்கூட இரசாயனம் இது. அதுவும் அடிப்பகுதியில்தான் முழு இழுவையும் விழும். நான் சொன்னேன்: "தவம், அந்தக் குங்குமத்தைத் துடை."

அவன் முகம் மாறியது. "பெஞ்சாதி பக்கத்தில நிக்கேக்க குங்குமத்தைத் துடை எண்டு சொல்லுறியே. உனக்கு வாயில வேற சொல்லே வராதோ?"

"நான் உலோகத்தைச் சொல்லுறன்."

"நீ எதைச் சொன்னாலும் உன்ர நாக்கு கரிநாக்கு. இனி இது துடைபடாது, பார்."

அடுத்த வாரம் குங்குமத்துக்கு மேலேயே தெளிந்த வார்னிஷ் அடித்துவிட்டான். துடைபடாமல் இருக்க. நிறையும் மாறாது என்று சிரித்துக்கொண்டு சொன்னானாம். ராசன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். எங்களுக்குள் பேச்சு நின்றது. கொட்டகையின் பாதுகாப்புப் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது, இதை ஓடுபாதைக் கழகத்துக்கு எழுத்தில் கொடுத்தேன். பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்க வைத்தவர் ராசன்.

அடுத்த வருடம் தவம் ஒரு கனோலா வயலில் விழுந்து செத்தான். ஒரு பிளேட் அடியில், போல்ட் ஓட்டைப் பக்கம், உடைந்திருந்தது, மற்றது முழுசாக இருந்தது. உடைந்தது விழுவதற்கு முன்னா பின்னா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வயல்காரர் என்னிடம் ஒன்று சொன்னார்: முதலில் இரண்டு சுருதி கேட்டது, பிறகு ஒன்று மட்டும் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. செத்த வீட்டில் எனக்கு யாரும் கதிரை இழுத்துப் போடவில்லை. குங்குமத்தைத் துடை என்று சொன்னவன் நான்தானே. இரசாயனம் சொன்னவனுக்கு இந்தச் சமூகத்தில் கிடைத்த பட்டம் கரிநாக்கன்.

சரி, லிட்கமுக்கு வருவோம். கதவைத் தூக்கியவர் ராசன்.

"வாரும், இஞ்சினியர். நம்பரைப் பாத்தவுடனயே தெரியும், நீர்தான் எண்டு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீரோ? பழையதை எல்லாம் விடும். தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"வேண்டாம்."

"பயப்படாதையும். சீனியும் போடேல்லை, நஞ்சும் போடேல்லை."

திரும்பிப் போயிருக்க வேண்டும். தொள்ளாயிரம் கிலோமீற்றர் வந்துவிட்டு ஒரு மனிதனின் முகத்துக்காகத் திரும்புவதா என்று நின்றேன். உண்மையில் அந்தச் சத்தத்துக்காகத்தான் நின்றேன்.

சுவர் முழுக்கப் பிளேட்டுகள். ராசன் செய்கிற வியாபாரம் இதுதான்: விழுந்தது, இடித்தது என்று சோடியில் ஒன்று போனவர்களிடம் மிஞ்சிய ஒற்றைகளை வாங்குவார். தேய்த்து, பெயின்ற் அடித்து, நிறை பார்த்து, நுனியில் ஈயம் வைத்து, இரண்டு ஒற்றைகளை ஒரு சோடியாக்கி விற்பார். பிளேட் பிறக்கும்போதே சோடியாகப் பிறப்பது. ஒன்று போனால் மற்றதையும் தூக்கிப் போட வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் பாடம்.

"இந்த ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள் இல்லை, உண்மையைச் சொல்லிப்போடுறன்" என்றார். "ஆனா நிறை, நீளம், வளைவு எல்லாம் பாத்துத்தான் சேர்த்தனான். பத்துப் பொருத்தத்தில ஒன்பது இருக்கு."

"இல்லாதது எது, ஆயுளைச் சொல்லுற ரச்சோ?"

அவர் சிரித்தார். "ரச்சு இல்லையெண்டா ஆர் பறக்கிறது? இல்லாததுக்குத்தான் ஈயம் வைச்சனான். கலியாணத்திலயும் அப்பிடித்தானே, ஏதோ ஒண்டை வைச்சுச் சரிக்கட்டுறம்."

இரண்டையும் மரக்கட்டைகளின் மேல் வைத்தார். காற்று வரும்போதெல்லாம் வலப் பக்கத்துப் பிளேட் மட்டும் ஊதியது. தடிப்புச் சுருதி. நுனியைத் தடவினேன். துளை அப்படியே இருந்தது. தொடர் எண் இருக்க வேண்டிய இடம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

பழைய பிளேட் வாங்கப் போகிறவர்கள் என்ன கொண்டுபோக வேண்டும் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு டோர்ச், பெயின்ற் நீக்கத் தின்னர், வெடிப்புப் பார்க்கிற சாயம். இந்தச் சாயம் இரண்டு டப்பாக்களாக வரும். முதலில் சிவப்பை அடித்துப் பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடரை அடிக்க வேண்டும். உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், உள்ளே போன சிவப்பு வெள்ளைக்கு மேலே கசிந்து வரும். விற்பவர் பெயின்றைத் தொட விடமாட்டேன் என்றால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

ராசன் விட்டார். "எடும், எடும். பிறகு அடிச்சுக் குடுப்பன். உம்மட சந்தேகம் தீரட்டும்."

போல்ட் ஓட்டைகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்றை எடுத்தேன். வெள்ளை கரைந்தது, கீழே குழிகளை நிரப்பியிருந்த பசை கரைந்தது. சிவப்பை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். வெளியே சுடலைப் பக்கம் புல் வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தேன். வெள்ளைப் பவுடரை அடித்தேன். திருநீறு பூசிய மாதிரி அந்த இடம் வெளுத்தது.

பிறகு அதன் நடுவில் மெதுவாக ஒரு பொட்டு எழும்பியது.

நான் மிகைப்படுத்தவில்லை. ஐந்து சத நாணயம் அளவு, நல்ல வட்டம், குங்குமச் சிவப்பு. நான் துடை என்று சொன்ன இடத்தில், துடைபடாது என்று அவன் சொன்ன அதே அளவில். சுண்ணாம்பு தின்ற குழிகளுக்குள் சாயம் நின்று திரும்பி வருகிறது என்று எனக்குத் தெரியும். கைபேசியில் அதை ஒரு படம் எடுத்தேன். பொட்டின் ஓரத்திலிருந்து போல்ட் ஓட்டைப் பக்கம் ஒரு சிவப்புக் கோடு, மயிரளவு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நீண்டது.

"இது தவத்தின்ர" என்றேன்.

"தவத்தின்ர எண்டு எழுதிக் கிடக்கோ?"

"கிடக்கு. பாரும்."

ராசன் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிர நேரமெடுத்தார். "அது கீறல். தேய்க்கேக்க கடதாசி பட்டிருக்கும். நீர் உந்தச் சாயத்தை என்ர முதுகில பூசினாலும் சிவப்பாத்தான் வரும்."

"இது வெடிப்பு. மற்றப் பிளேட் எங்க உடைஞ்சதெண்டு உமக்குத் தெரியும். இதைப் பூட்டிக்கொண்டு பறக்கிறவன் விழுவான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் ஓரடி பின்னால் போனார். வெடிப்பைக் கண்டு போகவில்லை. என்னைக் கண்டு. "உம்மட வாயைக் கழுவும்! இப்பிடித்தான் தவத்துக்கும் சொன்னனீர். என்ர பட்டறைக்குள்ள நிண்டு இதைச் சொல்ல வேண்டாம்."

"இதை வெட்டி எறியும்."

"விலையைக் குறைக்கத்தானே இந்த நாடகம்? சரி, பாதி விலைக்குத் தாறன். கொண்டு போம்."

"சும்மா தந்தாலும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறு சிலவும் சொன்னேன். அவை பயணக் கட்டுரைக்கு உரியவை அல்ல.

பக்கத்து ஊரான ஹோம்புஷுக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். மசாலாத் தோசை பார்வைக்கு நல்லதாக இருந்தது, சாம்பாரை மட்டும் ருசி பார்த்தேன், கொஞ்சம் இனிப்பு. பரிமாறிய பெண் வந்து, "என்ன சார், தோசையத் தொடவே இல்ல? ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, தோசையை வைத்துக்கொண்டு வெகு நேரம் சும்மா இருந்திருக்கிறேன். நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவான். அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பாதி விலை என்றாரே. வாங்கி, அவர் கண் முன்னால், அவருடைய பட்டறை வாசலிலேயே அந்தப் பிளேட்டை இரண்டாக அறுப்பது என்று முடிவெடுத்தேன். அதற்காகவே ஒரு ஹார்ட்வெயார் கடையைத் தேடிப் போய் இரும்பு அறுக்கிற வாள் வாங்கினேன். வரிசை நீளமாக இருந்தது. நல்ல வாளாக வேண்டும் என்று இரண்டைப் பிடித்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தேன்.

திரும்பும்போது பட்டறைகளின் ஒடுக்கமான பாதையில் எதிரே ஒரு வெள்ளி நிற யூட் வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். ஓட்டியவர் கையைத் தூக்கி நன்றி காட்டினார். கண்ணாடியில் வெயில் அடித்ததால் முகம் தெரியவில்லை. கூரையில் நீளமாக ஏதோ பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டியிருந்தது. அது என்னைத் தாண்டிப் போய் வேகமெடுக்கும்போது ஊதியது. தடிப்புச் சுருதி ஒன்று மட்டும்.

என் யூட்டைத் திருப்ப அந்தப் பாதையில் இடமில்லை. பட்டறை வாசல் வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தபோது பெரிய வீதியில் எந்தப் பக்கமும் அது இல்லை. சுடலை மதில்தான் நீண்டு கிடந்தது.

ராசன் கட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"குடுத்திட்டன்" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"ஆருக்கு?"

"எங்கட ஆள்தான். நல்லாத் தமிழ் கதைச்சார். பேர் கேக்கேல்லை."

"நம்பரைத் தாரும்."

"உமக்கு ஏன்? அவருக்கும் போன் எடுத்து விழுவாய் எண்டு சொல்லவோ?"

"ராசன், அது வெடிச்ச பிளேட்."

"அது கீறல். ஆனா நீர் வந்து அந்தச் சொல்லைச் சொன்னாப் பிறகு அதை இஞ்ச வைச்சிருக்க எனக்கு மனமில்லை. முந்தியே ஒருத்தர் கேட்டுக்கொண்டு நிண்டவர். எடுத்துச் சொன்னன், உடன வந்தார், கால் விலைக்குக் குடுத்தன். திரும்ப அடிச்ச பெயின்ற் காயவும் இல்லை, அப்பிடியே சுத்திக் கட்டிக்கொண்டு போட்டார்." கடைசிக் கட்டையையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீர் வராமல் விட்டிருந்தா அது இன்னும் ஆறு மாதம் சுவரில தொங்கியிருக்கும்."

இந்த மனிதரை நான் விளங்கிக்கொள்ள முயன்று தோற்றுவிட்டேன். வெடிப்பை அவர் நம்பவில்லை. என் நாக்கை நம்பினார். தவத்துக்கும் அதே நோய்தான் இருந்தது. செத்துப்போனான் என்பதற்காக அவன் சொன்னது சரியாகிவிடாது.

அன்று மதியமே திரும்பினேன். தெற்கே போகப் போகக் காற்று அதிகம். கோல்பேர்ண் தாண்டி, மேட்டு நிலத்தில் வரிசையாக நிற்கிற காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்று மட்டும் சும்மா நின்றது. அந்த இடத்தில் கூரையிலிருந்து ஊதத் தொடங்கியது. வெறும் தாங்கிக் குழாய் அப்படித்தான் ஊதும். வாய் திறந்த குழாய்க்கும் போத்தலுக்கும் வித்தியாசமில்லை. ஓரமாக நிறுத்தி, நான்கு வாய்களிலும் துணி அடைத்து மேலே டேப் சுற்றினேன். யாஸ் வரை அமைதி. பிறகு திரும்பவும் கேட்டது. அதே சுருதி. இறங்கிப் பார்த்தேன். துணி நான்கும் அடைத்தபடி இருந்தது, டேப் கழலவில்லை. காற்றும் அப்போது அடங்கிவிட்டிருந்தது. வீதியோரப் புல் அசையவில்லை. இதற்கு ஒரு விளக்கம் இருக்கும். நான் தேடவில்லை. ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். அல்பரியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை பறப்புப் பாதுகாப்புக்கு உரிய அரச அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தொடர் எண் இல்லை, வாங்கியவர் பெயர் இல்லை, நான் எடுத்த படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இருக்கிறது. விற்றவர் அப்படி ஒரு பிளேட்டே இல்லை என்கிறாராம். எங்கள் பறப்புக் கூட்டத்து இணையக் குழுமத்தில் என் பெயரோடு எழுதினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது: "அண்ணை, ஆரோ பறக்கப் போற நேரத்தில ஏன் இப்பிடி அபசகுனமாக் கதைக்கிறியள்?" இன்னொருவர் கும்பிடுகிற கைப் படம் போட்டார். மூன்றாமவர், ராசனோடு உள்ள கோபத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றார். மாலைக்குள் பதிவை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேசாமல் இருந்தேன். சொன்னால் அபசகுனம், சொல்லாவிட்டால் நிம்மதி என்றால் உங்களுக்கு நிம்மதியே இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படி நினைத்தேன். காற்றடிக்கிற நாள்களில் அப்படி நினைப்பது கஷ்டமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சுருக்கமாக: போகவர எரிபொருள் நானூறு டொலருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஒரே மூச்சில் ஓட்டாமல் அல்பரியிலோ கண்டகாயிலோ இரவு தங்குங்கள். தொடர் எண் இல்லாத பிளேட்டை வாங்காதீர்கள். இரண்டு எண்களும் ஒரே சோடிக்கு உரியவையா என்று பாருங்கள். ஒற்றைகளை நிறை பார்த்துச் சேர்த்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வண்டியைத் திருப்புங்கள். நிறையை ஈயம் வைத்துச் சமப்படுத்தலாம். ஒரு பிளேட் ஏற்கெனவே பட்ட களைப்பை ஈயத்தால் சமப்படுத்த முடியாது. பூசைக்குப் பொட்டு வைக்காமல் இருக்க முடியாது என்றால் கதிரையில் வையுங்கள், தலைக்கவசத்தில் வையுங்கள். அலுமினியத்தில் வைக்காதீர்கள். வைத்திருந்தால் துடையுங்கள். ஆம், அந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன்.

இனி, வெள்ளி நிற யூட்டில் போனவருக்கு. நீங்கள் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, லிட்கம் பக்கத்தில், வெள்ளைப் பெயின்ற் அடித்த சோடி ஒன்றைக் கால் விலைக்கு வாங்கினீர்கள். பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டினீர்கள். ஒதுங்கி நின்றவனுக்குக் கையைத் தூக்கி நன்றி காட்டினீர்கள். பெயின்ற் அப்போது காயவில்லை. ஆகவே ஒரு பிளேட்டின் அடியில், போல்ட் ஓட்டைகளுக்குப் பக்கத்தில், துணி நெசவு பதிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். அதே பிளேட்டின் நுனியில் ஒரு துளை இருக்கும். காற்றில் அது மட்டும் ஊதும். கழற்றுங்கள். என்னை நம்ப வேண்டாம். பெயின்றை எடுத்துச் சிவப்பை அடித்து, துடைத்து, வெள்ளையை அடித்துப் பாருங்கள். பொட்டு தானாக எழும்பி வரும். பிறகு அதை இரண்டாக அறுத்துவிடுங்கள், இன்னொருவர் கைக்குப் போகாமல். வாள் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, உறை பிரிக்காமல்.

இந்தப் பதிவின் கீழே என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னது சரி என்று என் பெயரோடு ஊர் அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய இருக்கிறது. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் பெயரைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கரிநாக்கன் திரும்பவும் ஒருவனை விழச் சொல்கிறான் என்று காதைப் பொத்துவார்கள். அந்த மனிதர் வரை இது போய்ச் சேராது. யார் சொன்னது என்று தெரியாவிட்டால், சொன்னது என்ன என்றாவது பார்ப்பார்கள்.

பெயரை அழித்துவிட்டேன். இப்படியே போடுகிறேன்.